சர்க்கார் எழுந்து நின்றது

தாது வருஷத்துக் கோடையில் பூலான்விடுதியில் பதினேழு ஆண்கள் அசதியாகப் படுத்திருந்தார்கள். சானிட்டரி இன்ஸ்பெக்டர் அடைக்கலம் சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு வீடு வீடாக நுழைந்து விசாரித்தபோது, அவருக்குச் சொல்லப்பட்ட காரணம் அதுதான்.

"என்னய்யா பகல்ல படுத்திருக்கே?"

"அசதிங்க."

"அடுத்த வீட்டுக்காரரும் அசதின்னாரே?"

"அவருக்கும் இதே வெயிலுதானுங்களே."

எல்லா அசதியும் முழங்காலுக்குக் கீழேயே இருந்தது. எல்லாருடைய காலும் சாக்கால் மூடியிருந்தது. அடைக்கலம் மரியாதை தெரிந்த மனிதர். அடுத்தவர் சாக்கைத் தூக்கிப் பார்க்கிறவர் இல்லை. "ஊர்ல யாருக்காவது நரம்புச் சிலந்தி உண்டா?" என்று வாய்விட்டுக் கேட்டார். கேட்டவுடன் பதினேழு பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு இல்லை என்றார்கள். அவர் நோட்டுப் புத்தகத்தில் வட்டமாக ஒரு பூஜ்யம் போட்டார், கணக்கப்பிள்ளை வீட்டில் மோர் வாங்கிக் குடித்தார், போய்விட்டார்.

அந்த மனிதரைக் குறை சொல்ல முடியாது. பூலான்விடுதிக்காரர்களுக்கும் அவரை ஏமாற்றும் எண்ணம் இல்லை. காலில் இருக்கும்போது அதன் பெயரைச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். நெருப்புத் துண்டை உள்ளே வைத்துத் தைத்ததுபோல முதலில் எரியும். பிறகு கொப்புளம். கொப்புளம் உடைந்தால் வெள்ளை நூல் மாதிரி ஒரு புழுவின் தலை எட்டிப் பார்க்கும். அந்தத் தலையை வேப்பங்குச்சியில் கட்டி நாளைக்கு ஒரு சுற்றாகச் சுற்றி எடுக்க வேண்டும். நீளம் ஒன்றரை முழம். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும். போன வருஷம் மேலத்தெருவில் ஒருவருக்கு அறுந்து, ஆடியில் கால் போய், ஆவணியில் ஆளும் போனார். ஆகவே முழுக்க வெளியே வரும்வரை 'நூலு' என்றுதான் சொல்வார்கள். சொந்தப் பெயரைக் கேட்டால் அது மிரண்டு உள்ளே போய்விடும் என்பது அந்த ஊரில் எல்லாரும் அறிந்த விஷயம்.

பதினேழு பேரில் ஒருவர் சிவசாமி. கூரை நிழலில் கயிற்றுக் கட்டில். வலது கணுக்காலில் குச்சி. பன்னிரண்டு நாளில் முக்கால் முழம் வந்திருந்தது. அவர் மனைவி உண்ணாமலை காலையில் எழுந்ததும் கையைக் கழுவிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குச்சியை ஒரு சுற்றுச் சுற்றுவாள். நொச்சித் தழையை வதக்கிக் கட்டுவாள். அதற்குப் பிறகுதான் அடுப்பு, ஆடு, தண்ணீர் எல்லாம்.

தண்ணீருக்கு ஊருணி. செம்புராங்கல் படிகள் வைகாசியில் பதினாறு தெரிந்தன. பதினாறையும் இறங்கி, பதினேழாவது படியில் தண்ணீருக்குள் நின்றால்தான் குடம் முங்கும். தண்ணீர் முழங்கால் அளவு, பயறு வேகவைத்த நிறம். சாயங்காலம் ஆண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நொண்டிக்கொண்டு வந்து அதே படியில் உட்கார்ந்து எரிகிற காலைத் தண்ணீரில் விடுவார்கள். "யப்பா, உசுரு வந்துச்சு" என்பார்கள். உண்ணாமலை அதைப் பார்த்துக்கொண்டே குடத்தை முக்குவாள்.

ஊரில் கயிறு போட்டு இறைக்கிற கிணறு ஒன்றுதான் இருந்தது, கணக்கப்பிள்ளை வீட்டுக் கொல்லையில். அந்த வீட்டில் யார் காலிலும் நூல் வந்ததில்லை. உண்ணாமலை பள்ளிக்கூடம் போனவள் இல்லை. எட்டு வருஷமாக அந்த வீட்டுக் கால்களைப் பார்த்து வந்தவள்.

சித்திரைக் கடைசியில் தம்பி மலையாண்டியின் வண்டியில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனபோது, அந்தப் பகுதிக்குச் சமஸ்தானச் சட்டசபை மெம்பரான வக்கீல் ஆண்டியப்பன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"பழம் என்ன விலை?" என்றார் வக்கீல்.

"பழம் சும்மா எடுத்துக்கங்க. எனக்கு ஒரு கெணறு வேணும்."

"வீட்டுக்கா?"

"ஊருக்குங்க. கயிறு போட்டு எறைக்கிற கெணறு. யாரு காலும் தண்ணியத் தொடப்படாது."

"மனு எழுதிக் கொடுத்தீகளா?"

"மூணு கொடுத்தோம். மூணும் பத்திரமா இருக்காம்."

வக்கீல் சிரித்தார். "அப்ப சபையில கேள்வி கேட்டுற வேண்டியதுதான்."

"யாரக் கேப்பீக?"

"சர்க்காரை."

உண்ணாமலை கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தாள். "சர்க்காரையா? நம்மளா?"

"நான் கேப்பேன். அவங்க எந்திரிச்சி நின்னு பதில் சொல்லணும். அதான் விதி."

"எந்திரிச்சி நின்னா?"

"உக்காந்துக்கிட்டுச் சொல்ல முடியாது."

இந்தச் செய்தி பூலான்விடுதிக்கு வந்த அன்று யாருக்கும் கூழ் இறங்கவில்லை. தாசில்தார் வந்தால் ஊர் எழுந்து நிற்கும். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தால் நிற்கும். அவருடைய சேவகன் தனியாக வந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று நிற்கும். சர்க்கார் நிற்பதை யாரும் பார்த்ததில்லை. அதற்குக் கால் உண்டா என்பதையே அந்த ஊர் அதுவரை யோசித்ததில்லை.

வைகாசியில் மூன்று நாள் சபை கூடியது. செவ்வாய்க்கிழமை பூலான்விடுதிக் கேள்வி. மலையாண்டி வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வெயில் தாழத் திரும்பினான். வண்டியை அவிழ்க்கக்கூட விடாமல் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். இரண்டு காலிலும் நூல் வந்திருந்த இருளாண்டி, இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"சொல்லு மாப்ளே, நின்னாரா?" என்றார் கட்டிலிலிருந்து சிவசாமி.

"நின்னாரு மச்சான்."

"முழுசா?"

"முழுசா! ஆறடி ஆளு. சரிகைத் தலப்பா. கறுப்புக் கோட்டு. நம்ம வக்கீலு இங்கிட்டுருந்து ஒரு காகிதத்தப் படிச்சாரு. அங்கிட்டு அவரு சடார்னு எந்திரிச்சாரு. எந்திரிச்சி, மூக்குக் கண்ணாடியத் தொடச்சி மாட்டி, 'பூலான்விடுதி'ன்னாரு மச்சான்! அவரு வாயால! ரெண்டு தடவ!"

"நம்ம ஊரு பேரையா?" என்றார் இருளாண்டி.

"நம்ம ஊரு பேருதான். தலைக்கு மேல காத்தாடி தானாச் சுத்துது, கீழ நம்ம ஊரு பேரு. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு."

உண்ணாமலை கருவாட்டை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்தாள். ஜெகதாப்பட்டினத்துக் கருவாடு, நல்ல செய்திக்காக எடுத்து வைத்திருந்தது.

"பதிலு என்ன சொன்னாரு?"

"எந்திரிச்சி நின்னு சொன்னாருக்கா."

"அதான், என்னன்னு?"

மலையாண்டி மாட்டின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்தினான். "இங்கிலீசுல்ல."

"அப்ப கெணறு உண்டா, இல்லையா?"

"ஏத்தா, அம்புட்டுப் பெரிய ஆளு எந்திரிச்சி நின்னுருக்காரு. கெணறு இல்லைங்குறதுக்கா ஒருத்தரு எந்திரிப்பாரு?" என்றார் இருளாண்டி.

இது நியாயமாகவே இருந்தது. உண்ணாமலையைத் தவிர எல்லாரும் நிம்மதியாகக் கூழ் குடித்தார்கள்.

புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஒரு ஜட்கா புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. வக்கீல் ஆண்டியப்பன் குடையோடு இறங்கினார். வெயிலைவிட அவர் முகம் சிவந்திருந்தது.

"உண்ணாமலை! என்னைய என்னன்னு நெனச்சீக எல்லாரும்? நான் சபையில எந்திரிச்சி, பூலான்விடுதியில நரம்புச்..."

"ஐயா! ஐயா!" மலையாண்டி ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டான். "பேரு மட்டும் வேணாங்க."

"எந்தப் பேரு?"

"இப்பச் சொல்லப் போனீகளே, அதுதாங்க. காலுல இருக்கைல சொன்னா உள்ள போயிரும்."

"நேத்து சபையில இங்கிலீசுல ஆறு தடவ சொன்னேனேய்யா அந்தப் பேரை!"

கூடியிருந்த ஆண்கள் எல்லாரும் குனிந்து அவரவர் சாக்கை விலக்கிக் குச்சியைப் பார்த்துக்கொண்டார்கள். வக்கீல் அந்தக் குச்சிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்ததும் குடையை மடக்கினார்.

"இம்புட்டு இருக்கா? அப்புறம் ஏன்யா இன்ஸ்பெக்டர் கேட்டப்ப இல்லைன்னீக? சர்க்கார் என்ன பதில் சொல்லுச்சு தெரியுமா? பூலான்விடுதியில இந்த நோவு ஒருத்தருக்குக்கூட இல்லை, வீடு வீடா விசாரிச்ச கணக்கு இருக்குன்னுட்டாங்க. சபையே சிரிச்சுச்சு. மெம்பர் கனாவுல கண்ட வியாதிக்குக் கெணறு கேக்குறாருன்னு ஒருத்தர் சொன்னாரு."

உண்ணாமலை திரும்பிக் கணவனைப் பார்த்தாள். இருளாண்டி மெதுவாகக் கேட்டார்:

"அப்ப... நாங்க இன்ஸ்பெக்டருகிட்டச் சொன்னதத்தான் சர்க்காரு சொல்லியிருக்கு?"

"ஆமாய்யா!"

"மாத்தாமக் கொள்ளாம?"

"அப்படியே!"

"எந்திரிச்சி நின்னு?"

இருளாண்டிக்குக் கண் கலங்கியது. பூலான்விடுதிக்காரர்கள் சொன்ன எதையும் சர்க்கார் அதுநாள்வரை காதில் வாங்கியதில்லை. மூன்று மனுக்களையும் காதில் வாங்கவில்லை. அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் வாங்கி, வைத்திருந்து, சரிகைத் தலைப்பாகையோடு எழுந்து நின்று, மகாசபையில் திருப்பிச் சொல்லியிருக்கிறது. அந்தச் சொல் பொய் என்பது ஒன்றுதான் குறை.

"சர்க்காரைப் பொய் பேச வச்சிட்டோமேப்பா" என்றார் சிவசாமி.

இந்த எண்ணம் எல்லார்மேலும் ஒரே நேரத்தில் விழுந்தது. பெரிய பாவம் செய்துவிட்ட களை ஒவ்வொரு முகத்திலும் வந்தது.

வக்கீல் கடைசியில் சொல்ல வந்ததைச் சொன்னார். "நான் துணைக் கேள்வி ஒண்ணு போட்டேன். சபை முடியுறதுக்குள்ள ஒரே ஒரு ஆளையாவது சர்க்கார் டாக்டர்கிட்டக் காட்டினா, பதிலைத் திருத்துவீங்களான்னு. திருத்துறேன்னாரு. நாளைக்கு வியாழக்கிழமையோட சபை முடியுது. ஒரு காலு. எனக்கு ஒரு காலு போதும். காலையில ஒம்பது மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கணும்." ஜட்காவில் ஏறினார். தண்ணீர் வேண்டுமா என்று யாரோ கேட்டதற்கு ஊருணி இருந்த திசையைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார்.

உண்ணாமலை கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"நம்ம போவோம்."

"விளையாடுறியா? எட்டு மைலு. வண்டி குலுங்குன குலுக்குல அறுந்துபோனா?"

"நான் புடிச்சிக்கிறேன்."

"அப்புறம், சர்க்காரு இல்லைன்னு சொன்ன பெறகு நான் போயி இருக்குன்னு காலை நீட்டுனா, அந்த மனுசன் மூஞ்சிய எங்க கொண்டு வைப்பாரு?"

"நம்ம மேலத்தெருக்காரரு போன வருசம் எங்க போனாரோ, அங்கிட்டு நீங்க போயிட்டா நான் எங்கிட்டுங்க மூஞ்சிய வைக்கிறது?"

சிவசாமி கூரையைப் பார்த்தார். "டாக்டரு கேப்பாரு. பேரைச் சொல்லணும். சொன்னா உள்ள போயிரும்."

உண்ணாமலை எழுந்து நின்றாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு, சந்தையில் கூவுகிற குரலில், "நரம்புச் சிலந்தி!" என்றாள்.

சிவசாமி இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "அடிப் பாவி மகளே!"

"நரம்புச் சிலந்தி! நரம்புச் சிலந்தி!"

பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்தினார்கள். கணவனும் மனைவியும் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் உலை கொதித்து வழிந்தது, இருவரும் எழவில்லை. குச்சி வைத்த இடத்தில் இருந்தது. நூல் அசையவில்லை.

"நாளைக்கு உள்ள போகும்" என்றார் சிவசாமி.

"நாளைக்கு நம்ம டவுன்ல இருப்போம்" என்று சொல்லிவிட்டு அவள் உலையை இறக்கப் போனாள்.

விடிந்தபோது ஒரு வண்டி புறப்பட இருந்த இடத்தில் நான்கு வண்டிகள் நின்றன. இருளாண்டி புதுத் துண்டு போட்டிருந்தார். மீதிப் பதினைந்து பேரும் குளித்து விபூதி பூசி வந்திருந்தார்கள்.

"நீங்களும் காலைக் காட்ட வாரீகளா?" என்றாள் உண்ணாமலை.

"காலையா? சே சே. சர்க்காருகிட்ட மன்னிப்புக் கேக்க வாரோம். ஊரே சேந்து சொன்ன பொய்யி. ஒரு ஆளு மட்டும் போனா மரியாதையா இருக்காது."

முதல் வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதில் உண்ணாமலை உட்கார்ந்து, கணவன் காலை மடியில் வைத்துக்கொண்டாள். இடது கையால் கணுக்காலைத் தாங்கி, வலது கையால் குச்சியை மூடிப் பிடித்தாள். எட்டு மைலும் அந்தக் கையை அவள் எடுக்கவில்லை. மலையாண்டி வண்டியில் ஏறாமல் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நடந்தே வந்தான். வழியில் கிடந்த கல்லை எல்லாம் காலால் ஒதுக்கினான். ஒதுக்க முடியாத கல்லுக்கு வண்டியைச் சுற்றிக்கொண்டு போனான். வல்லத்திராக்கோட்டை தாண்டுமுன் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. முந்திரித் தோப்பில் பழம் அழுகின வாடை. செம்மண் புழுதி எல்லார் விபூதியையும் சிவப்பாக்கியது.

"அறுந்துச்சா?" என்றார் சிவசாமி.

"இல்ல."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "பாத்துச் சொல்லு."

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"பாக்காமச் சொல்ற மாதிரி இருக்கு."

"வேணும்னா நீங்க புடிங்க, நான் படுத்துக்கிறேன்."

பின்னால் மூன்றாவது வண்டியில் இருளாண்டி மன்னிப்பைப் பழகிக்கொண்டிருந்தார். "மகாராஜ ராஜஸ்ரீ ஐயா அவர்களே, நாங்க தெரியாம இல்லைன்னுட்டோம்..." அந்த வண்டியில் இருந்தவர்கள், அத்தனை நீளமாகச் சொன்னால் சர்க்காருக்குக் கால் வலிக்கும், சுருக்கிச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிவசாமியின் காலைப் பார்க்க எடுத்துக்கொண்ட நேரம், அவர் பேனாவைத் தேட எடுத்துக்கொண்ட நேரத்தைவிடக் குறைவு. பெயரைச் சொல்லும்படி அவர் கேட்கவே இல்லை, அவரே எழுதிக்கொண்டார். "ஊர்ல வேற யாருக்கும் உண்டா?" என்றார். வாசலில் மூன்று வண்டி நிறைய ஆட்கள் காலில் சாக்கோடு உட்கார்ந்திருப்பதைக் கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கெல்லாம் என்ன?"

"அசதிங்க" என்றார்கள்.

சபை மண்டபத்தின் வாசலில் டவாலி போட்ட சேவகர் நிறுத்தி விதிகளைச் சொன்னார். உள்ளே பேசக் கூடாது. இருமக் கூடாது. கை தட்டக் கூடாது. வெற்றிலை போடக் கூடாது. குடை கூடாது. பெண்கள் தனி பெஞ்சில் உட்கார வேண்டும். இந்தக் கடைசி விதியை உண்ணாமலை விஷயத்தில் அமல் செய்ய அவர் முயன்றார். ஆனால் அவள் கையில் குச்சி, குச்சியில் நூல், நூலின் மறுமுனை கணவன் காலுக்குள். எதை எங்கே பிரிப்பது என்று அவருக்குப் புரியவில்லை. விட்டுவிட்டார்.

உள்ளே போனவர்கள் பேச வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கவே தேவையில்லை. தூண்கள் அப்படி இருந்தன. கூரை அத்தனை உயரத்தில் இருந்தது. அங்கே நிஜமாகவே காற்றாடி தானாகச் சுற்றியது. நடுவில் உயர்ந்த நாற்காலியில் தலைவர். இரண்டு பக்கமும் பெரிய மனிதர்கள், எல்லாருக்கும் முன்னால் காகிதம். பதினேழு பேரும் பார்வையாளர் பெஞ்சுகளில் ஒட்டி உட்கார்ந்து மூச்சைக் குறைத்து விட்டார்கள்.

வக்கீல் ஆண்டியப்பன் எழுந்தார். கேள்விக்கு உரியவர்கள் வந்திருப்பதால் தமிழில் பேச அனுமதி வேண்டும் என்றார். கிடைத்தது. அவர் உட்கார, எதிர்ப்பக்கம் ஆறடி மனிதர் எழுந்து நின்றார். பெஞ்சு முழுவதும் ஒரு சிலிர்ப்பு ஓடியது. மலையாண்டி அளந்தது சரிதான். ஒரு விரற்கடை கூடுதலாகவே இருக்கலாம்.

"செவ்வாய்க்கிழமை நான் கூறிய பதிலில் ஒரு திருத்தம். பூலான்விடுதி கிராமத்தில் நரம்புச் சிலந்தி நோய் எவருக்கும் இல்லை என்றேன். அது சரியல்ல. ஒருவருக்கு இருக்கிறது."

பெயர் காதில் விழுந்ததும் பதினேழு பேரும் காலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் மற்ற வார்த்தைகள் உறைத்தன. சர்க்கார் தான் சொன்னதைச் சரியல்ல என்று சொல்கிறது. இத்தனை பேர் முன்னால், குரல் நடுங்காமல், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்கிறது. இருளாண்டியின் கை தானாகக் குவிந்தது. எட்டு மைல் பழகிய மன்னிப்பு அவர் நெஞ்சுக்குள் கரைந்தே போனது.

"ஒருவர்தானா?" என்றார் வக்கீல்.

"மருத்துவர் பார்த்தது ஒருவரை."

"கிணறு?"

"பத்துப் பேருக்குக் குறையாமல் நோய் கண்ட ஊரில்தான் சர்க்கார் செலவில் கிணறு வெட்டலாம் என்பது விதி. ஆகவே பூலான்விடுதிக்கு இப்போதைக்கு இல்லை."

வக்கீல் திரும்பிப் பார்வையாளர் பெஞ்சைப் பார்த்தார். தலைவர் மேசையைத் தட்டினார். மெம்பர்கள் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாதாம். அடுத்த கேள்விக்கான காகிதத்தை யாரோ புரட்டினார்கள்.

சிவசாமி மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. குச்சியைப் பிடித்த விரல்கள் மட்டும் வெளுத்துப்போயிருந்தன. பேசக் கூடாது என்பது சபையின் விதி. பெயர் சொல்லக் கூடாது என்பது ஊரின் விதி. சிவசாமி இரண்டையும் மீறாத மனிதர். அவர் சாக்கை அவிழ்த்தார். உண்ணாமலை கணுக்காலைத் தாங்க, வலது காலைத் தூக்கி, முன்னாலிருந்த பித்தளைக் கம்பியின்மேல் குதிகாலை வைத்தார். பெரியவர்கள் முன்னால் கால் நீட்டுவது எத்தனை பெரிய அவமரியாதை என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பரிகாரமாகக் கையைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டார்.

இருளாண்டி அதைப் பார்த்தார். ஒரு கணம்தான். இரண்டு சாக்கையும் அவிழ்த்து இரண்டு காலையும் வைத்தார். பிறகு வரிசையாக, பெஞ்சுக்குப் பெஞ்சு, சாக்குகள் விழுந்தன. நொச்சித் தழை கட்டிய கால், எருக்கிலை கட்டிய கால், வீங்கிப் பளபளத்த கால், குச்சி தொங்கும் கால். கம்பி முழுவதும் உள்ளங்கால்கள் சர்க்காரை நோக்கி நின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் கூப்பிய கைகள். காற்றாடி மட்டும் சுற்றியது.

ஒரு மெம்பர் எழுந்து, இது சபையை அவமதிக்கும் செயல் என்றார். தலைவர் விதிப் புத்தகத்தைக் கேட்டார். புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். "பேச்சு, ஒலி, கைதட்டல், குடை, கைத்தடி ஆகியவை தடுக்கப்பட்டிருக்கின்றன. கால்களைப் பற்றி விதிகளில் ஏதும் இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார். சேவகர் பாதி வழியில் நின்றுவிட்டார்.

அப்போது ஆறடி மனிதர் தம் இடத்தை விட்டு வந்தார். கம்பியருகே குனிந்தார். முதல் குச்சியைப் பார்த்தார். அதில் சுற்றியிருந்த நூலைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போயிற்று. இந்தப் பெயரைப் பல வருஷமாகக் காகிதத்தில் படித்தவர். ஆளைப் பார்த்தது அன்றுதான். சுட்டுவிரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். "ஒன்று. இரண்டு, மூன்று..." சரிகைத் தலைப்பாகை ஒவ்வொரு பாதத்துக்கும் நேராகத் தாழ்ந்து நிமிர்ந்தது. இருளாண்டியிடம் வந்ததும் நின்றார். "இவை இரண்டும் ஒருவருடையவையா?" இருளாண்டி தலையை மட்டும் ஆட்டினார். "அப்படியானால் ஒன்று" என்றார் சர்க்கார். இருளாண்டிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் சர்க்கார் தன் காலைப் பார்த்துக் கணக்குப் போட்டதை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறடி மனிதர் இடத்துக்குத் திரும்பினார். உட்காரவில்லை.

"பதினேழு. பூலான்விடுதியில் படியில்லாத, சுவர் கட்டிய இறைகிணறு ஒன்று வெட்ட உத்தரவிடப்படும். எண்ணிக்கை பதினேழு என்று பதிவாகட்டும்."

கீழே நடவடிக்கை எழுதுகிறவர் எழுதத் தொடங்கினார்.

"பதினெட்டுன்னு எழுதுங்க."

பார்வையாளர் பெஞ்சிலிருந்து வந்த ஒரே குரல் அது. சேவகர் பாய்ந்தார்; தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். உண்ணாமலை குச்சியைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்து நின்றாள். சேலையை விரற்கடை அளவு தூக்கி இடது காலை முன்னால் வைத்தாள். கணுக்காலுக்கு மேலே ஒரு கொப்புளம், கோவைப் பழம்போல.

சிவசாமி அதைப் பார்த்தார். ஊருணியின் பதினாறு படியையும், இரண்டு நேரமும் இந்தக் காலோடுதான் இறங்கி ஏறியிருக்கிறாள்.

"எப்பருந்து?" என்றார், உதடு மட்டும் அசைய.

"அஞ்சு நாளா."

"எங்கிட்டச் சொல்லலையே?"

"நீங்கதானே சொல்லப்படாதுன்னீங்க."

ஆறடி மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். ஒரே கேள்விக்குப் பூஜ்யம் என்றும் ஒன்று என்றும் பதினேழு என்றும் பதில் சொல்லியிருந்த சர்க்கார், நின்ற நிலையிலேயே இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து, "பதினெட்டு" என்றது.